மருமகளுக்கு ஒரு மரம்

பத்ரி யாத்திரை போய் வந்த அத்தையோ சித்தியோ உங்கள் குடும்பத்தில் ஒருவராவது இருப்பார். அவரிடம் யாத்திரையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அலகநந்தையின் இரைச்சலைச் சொல்வார். தலை சுற்ற வைக்கும் மலைப் பாதையைச் சொல்வார். தப்த குண்டத்து வெந்நீரில் குளித்ததும் களைப்பெல்லாம் பறந்து போனதைச் சொல்வார். "வழியில் என்ன மரங்களைப் பார்த்தீர்கள்?" என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் யோசிப்பார். "தேவதாரு" என்பார். சரிவுகளில் ஈட்டி நட்டாற்போல் நிற்கும் பைன் மரங்களும் ஞாபகத்துக்கு வரலாம்.

அந்த மலையிலேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, அரிவாளும் கயிறுமாகத் தினம் காடேறும் ஒரு பெண்ணிடம் இதே கேள்வியைக் கேட்டால், அவள் யோசிக்கவே மாட்டாள். "பாஞ்ஜ்" என்பாள்.

பாஞ்ஜ் என்பது இமயமலை ஓக் மரம். ஓக் என்றதும் நம்மில் பலருக்கு இங்கிலாந்துதான் நினைவுக்கு வரும். பள்ளிக்கூடத்து ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் உபயம் அது! உண்மையில் உலகத்தில் நானூறுக்கு மேற்பட்ட ஓக் வகைகள் இருக்கின்றன. அகராதிக்காரர்கள் இதற்குக் 'கருவாலி' என்று தமிழ்ப் பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர் இருக்கிறதே தவிர, நம் தென்னாட்டு மலைகளில் இயற்கையாக வளரும் ஓக் மரம் ஒன்றுகூடக் கிடையாது. இமயமலையிலோ ஓக் காடுகளே இருக்கின்றன. மசூரிக்கோ நைனிடாலுக்கோ போனவர்கள் இந்தப் பாஞ்ஜ் மரத்தின் நிழலில்தான் நடந்திருப்பார்கள், பெயர் தெரியாமலே!

இதன் இலை மேலே கரும்பச்சை, அடியில் வெள்ளை. காற்று அடித்து இலைகள் திரும்பும்போது மலைச்சரிவு முழுவதும் வெள்ளித் தகடு போர்த்தாற்போல் மின்னும். 'வெள்ளை ரோமம் தாங்கியது' என்று பொருள்படும்படி 'குவெர்கஸ் லுகோட்ரிக்கோபோரா' என்று விஞ்ஞானிகள் நாமகரணம் செய்திருக்கிறார்கள். நாக்கு சுளுக்கிக் கொள்ளும் பெயர்தான்; நமக்குப் பாஞ்ஜ் போதும்.

மாட்டுக்குத் தீனி, மனிதருக்குத் தண்ணீர்

இங்கிலாந்து ஓக் மரம் குளிர் காலத்தில் இலையையெல்லாம் உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். பாஞ்ஜ் அப்படியல்ல, வருஷம் முழுவதும் பசுமை மாறாமல் இருக்கும். இதில் என்ன விசேஷம் என்று கேட்கிறீர்களா? மார்கழி, தை மாதங்களில் அந்த மலைப் பிரதேசத்தில் புல் காய்ந்து சருகாகிவிடும். அப்போது எருமைக்கும் பசுவுக்கும் பச்சைத் தழை கொடுப்பது இந்த மரம்தான். வீட்டில் பால், தயிர், நெய் என்று எது இருந்தாலும் அதில் பாஞ்ஜ் இலைக்கு ஒரு பங்கு உண்டு.

உதிர்ந்த இலைகளும் வீண் போவதில்லை. கூடையில் அள்ளிவந்து மாட்டுக் கொட்டிலில் பரப்புகிறார்கள். அது சாணத்தோடு சேர்ந்து மக்கி, படிக்கட்டு வயல்களுக்கு எருவாகிறது. கட்டை நின்று எரியும் விறகு. கலப்பைக்கும் மண்வெட்டிப் பிடிக்கும் வைரம் பாய்ந்த மரம்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய விஷயம் தண்ணீர். மலைக் கிராமத்தில் கிணறு வெட்ட முடியாது; ஆறோ பாதாளத்தில் ஓடும். அங்கே குடிதண்ணீர் என்றால் பாறையிடுக்கில் கசியும் சுனைதான். பாஞ்ஜ் காட்டின் தரையில் கை வைத்துப் பார்த்தால் மெத்தையாக அமுங்கும். வருஷக் கணக்காக உதிர்ந்து மக்கிய இலை, பாசி, வேர்ப் பின்னல் எல்லாம் சேர்ந்த மெத்தை அது. மழை கொட்டினால் தண்ணீர் ஓடிவிடாமல் அந்த மெத்தையில் ஊறி, மெல்ல மண்ணுக்குள் இறங்கி, மாதக்கணக்கில் சுனையாகக் கசிந்துகொண்டே இருக்கும். நீலகிரியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே சோலைக் காடு செய்கிற வேலையை இங்கே பாஞ்ஜ் செய்கிறது. நீலகிரி உச்சியில் ரத்தச் சிவப்பாகப் பூக்கிறதே காட்டுப் பூவரசு, அதன் இமயமலை உறவான 'புராம்ஸ்' மரம்கூடப் பாஞ்ஜ் காட்டில்தான் சேர்ந்து வளர்கிறது!

குமாவூன் பகுதியில் சுனையைச் சுற்றிக் கருங்கல்லில் சிறு கோயில் போலக் கட்டியிருப்பார்கள். 'நௌலா' என்று பெயர். புதிதாக வந்த மணப்பெண்ணை அழைத்துப் போய்ச் சுனைக்குப் பூஜை செய்ய வைப்பது அங்கே வழக்கம். இனி ஆயுள் முழுவதும் குடம் சுமக்கப் போகிறவள் அவளல்லவா? தண்ணீருக்கும் மருமகளுக்கும் முதல் அறிமுகம் மரியாதையாக நடக்க வேண்டாமா?

கொட்டையைக் கவனியுங்கள்

இத்தனை பெரிய காரியங்களைச் செய்கிற மரம் ஒரு சிறு கொட்டையிலிருந்துதான் வருகிறது. பார்க்க வெகு லட்சணமாக இருக்கும். சின்னஞ்சிறு கிண்ணத்தில் ஒரு பாக்கைச் செருகி வைத்தாற்போன்ற அமைப்பு. சித்திரை, வைகாசியில் பூத்தால் கொட்டை அந்த வருஷமே முற்றிவிடாது. அடுத்த வருஷக் குளிர் காலத்தில்தான் பழுப்பேறி உதிரும்.

உதிர்ந்த அன்றே அதற்குப் போட்டி ஆரம்பமாகிவிடும். குரங்கும் கரடியும் தின்னும். ஒருவகை வண்டு, கொட்டை பிஞ்சாக இருக்கும்போதே துளை போட்டு முட்டையிட்டுவிட்டுப் போயிருக்கும். அதன் புழு உள்ளேயிருந்து பருப்பைத் தின்று தீர்க்கும். 'ஜே' என்ற பறவை மட்டும் கொஞ்சம் முன்யோசனைக்காரப் பறவை. கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு போய், பிறகு தின்னலாம் என்று மண்ணில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புதைத்து வைக்கும். எடுக்காமல் விட்டவை முளைத்து மரமாகும். நம் வீட்டுப் பாட்டிகள் எங்கேயோ முடிந்து வைத்துவிட்டு மறந்துபோகிற காசு போல!

சரி, மனிதர்கள் இதை எப்படி முளைக்க வைக்கிறார்கள்?

நெல்லையும் எள்ளையும் காயவைத்துப் பானையில் போட்டு வைத்தால் அடுத்த வருஷமும் முளைக்கும். பலாக்கொட்டையை அப்படிச் செய்ய முடியுமா? காய்ந்தால் கறிக்குத்தான் ஆகும், முளைக்க ஆகாது. மாங்கொட்டையும் நாவல் கொட்டையும் அதே ஜாதிதான். பாஞ்ஜ் கொட்டையும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே. உள்ளேயிருக்கும் ஈரம் வற்றினால் உயிரும் போய்விடும். ஆகையால் பொறுக்கிய கொட்டையை வெயிலில் காட்டக் கூடாது. நாள் கடத்தவும் கூடாது.

முதலில் ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்க்க வேண்டும். மிதப்பது சொத்தை, புழு தின்றதாகவோ உள்ளே வற்றியதாகவோ இருக்கும். மூழ்குவது நல்லது. சமையலறையில் நாம் புழுங்கல் அரிசியிலும் பயறிலும் செய்கிற பரீட்சைதான் இது.

மூழ்கிய கொட்டையை நிமிர்த்தி வைக்காமல் பக்கவாட்டில் படுக்க வைத்து, ஓரிரு விரற்கடை ஆழத்தில் புதைக்க வேண்டும். மேலே பாசியோ இலைச் சருகோ மூட வேண்டும். மண் ஈரமாக இருக்க வேண்டும்; தண்ணீர் தேங்கக் கூடாது. தாய் மரத்தின் அடியிலிருந்து ஒரு பிடி மண்ணைக் கலந்துகொண்டால் இன்னும் விசேஷம். அந்த மண்ணிலுள்ள நுண்ணிய பூஞ்சை இழைகள் நாற்றின் வேரைப் பற்றிக்கொண்டு, நீரையும் சத்தையும் இழுத்துக் கொடுக்கும். பாலுக்கு உறை மோர் விடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனிமேல்தான் பொறுமைக்குச் சோதனை. மண்ணுக்கு மேலே நாள் கணக்கில் ஒன்றும் தெரியாது. விதைத்தவள் ஏமாந்துவிட்டதாக நினைப்பாள். ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும். முதலில் கிளம்புவது வேர். அது நேராகக் கீழே இறங்கித் தனக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் தளிர் மேலே எட்டிப் பார்க்கும். அவரை முளைக்கும்போது பருப்பு இரண்டாகப் பிளந்து மேலே வருகிறதல்லவா? பாஞ்ஜில் அப்படி வராது. பருப்பு மண்ணுக்குள்ளேயே இருந்து, குழந்தைக்குத் தாய்ப்பால் போலச் சத்தைக் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் நாற்றுப் பை நீளமாக இருப்பது அவசியம். சின்னப் பையில் வேர் சுருண்டுகொண்டால், பிறகு மலைச்சரிவில் அந்த மரம் நிலைத்து நிற்காது.

முதல் வருஷம் செடி ஒரு சாண்கூட உயராது. நல்ல மழை காலத்தில், ஆடி ஆவணியில், கொஞ்சம் நிழலுள்ள இடமாகப் பார்த்துச் சரிவில் நடுகிறார்கள். அதன் பிறகு ஆடு மேயாமல், தீப் பற்றாமல், அவசரக்காரர் யாரும் அரிவாள் வைக்காமல் காவல் காக்க வேண்டும். நட்டவள் தழை ஒடிக்கும் அளவுக்கு மரம் வளர்வதற்குள் அவளே மாமியாராகிவிடுவாள். அதாவது, மருமகள் ஒடிப்பதற்காகத்தான் மாமியார் நடுகிறாள். மாமியார்-மருமகள் கதைகளில் இப்படியும் ஒரு கதை உண்டு என்பது நமக்கெல்லாம் சந்தோஷமான சமாசாரம்தானே?

பைன் வந்தது, பாஞ்ஜ் போயிற்று

இவ்வளவு உபகாரியான மரம் ஏன் குறைந்துபோயிற்று?

வெள்ளைக்காரர் ஆட்சியில் ரெயில் பாதை போட்டபோது தண்டவாளத்தின் அடியில் வைக்கக் கட்டை தேவைப்பட்டது. 'சீர்' என்ற பைன் மரத்தின் கட்டை அதற்குப் பயன்பட்டது. அதன் பிசினிலிருந்து டர்பன்டைன் எண்ணெயும் கிடைத்தது. ஆகவே காட்டிலாகாவின் கண்ணுக்குப் பைன் செல்லப் பிள்ளையாயிற்று. பாஞ்ஜ் கட்டையை விற்றால் காசு வராது. ஆகையால் அது வேண்டாத பிள்ளை. மாட்டுக்குத் தழை, வயலுக்கு எரு, சுனைக்குத் தண்ணீர் என்கிற வரவெல்லாம் எந்தச் சர்க்கார் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லையே!

கிராமத்து ஜனங்களின் கணக்கு வேறு. 1921-ல் காட்டுச் சட்டங்களையும் கட்டாய வேலையையும் எதிர்த்துக் குமாவூனில் பெரிய கிளர்ச்சி நடந்தது. கோபம் கொண்டவர்கள் காடுகளுக்குத் தீ வைத்தார்கள். எரிந்தது பெரும்பாலும் பைன் காடு. சர்க்காரின் வசத்திலேயே இருந்த பாஞ்ஜ் முதலிய அகன்ற இலைக் காடுகளை அவர்கள் அநேகமாகத் தொடவில்லை. அவ்வளவு ஆத்திரத்திலும் எது தங்கள் அடுப்பையும் சுனையையும் காப்பது என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

பைன் ஊசி இலை காய்ந்தால் வெடி மருந்து மாதிரி. 2016-லும் 2024-லும் உத்தராகண்டில் மூண்ட பெரும் காட்டுத் தீக்கு அந்தச் சருகு நன்றாகத் துணை போயிற்று. தீ ஓடிய இடத்தில் பைன் கன்று சமாளித்து எழுந்துவிடும். பாஞ்ஜ் கன்றுக்கு அது கஷ்டம்.

பழியெல்லாம் பைன் மேலும் வெள்ளைக்காரர் மேலும் போடுவதும் நியாயமல்ல. ஒரே மரத்தில் வருஷந்தோறும் தழையை மொட்டையாக ஒடித்தால், கொட்டை காய்க்க வேண்டிய கிளைகளும் தழையோடு போய்விடும். கொட்டை இல்லாத காட்டில் கன்று எங்கிருந்து வரும்? இன்றைக்கு எருமைக்குத் தழையா, நாளைக்குக் காட்டுக்கு விதையா என்ற கேள்வி, மலைப்பெண் ஒவ்வொருத்தியும் அரிவாளை ஓங்கும்போதெல்லாம் அவள் முன்னால் வந்து நிற்கிறது. வீட்டில் எருமை காத்திருக்கும்போது இதற்குப் பதில் சொல்வது சுலபமல்ல.

ஆண்கள் கையெழுத்துப் போட்டார்கள்

1974-ம் வருஷம் மார்ச் மாதம் 26-ந் தேதி, ஜோஷிமடத்துக்கு அப்பால் ரேணி கிராமத்தில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் காட்டுக்குள் போய்க் கோடரிகளைத் தடுத்து நின்றார்கள். 'சிப்கோ' என்ற அந்த இயக்கத்தைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். அதே சமோலி மாவட்டத்தில் 1980-ல் டூங்ரி-பைண்டோலி என்ற இடத்தில் நடந்தது அவ்வளவு பிரபலமாகவில்லை. ஆனால் பாஞ்ஜின் கதையில் அதுதான் முக்கியமான அத்தியாயம்.

அந்த ஊரின் பாஞ்ஜ் காட்டை வெட்டிவிட்டு உருளைக்கிழங்கு விதைப் பண்ணை வைக்கத் தோட்டக்கலை இலாகா திட்டமிட்டது. பதிலுக்குச் சாலை, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சாரம் எல்லாம் வரும் என்றார்கள். ஊர்ச் சபையில் ஆண்கள் கூடினார்கள், சம்மதம் கொடுத்துவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? சாலையும் ஆஸ்பத்திரியும் வேண்டாமென்று யார் சொல்வார்கள்?

பெண்கள் வேண்டாமென்றார்கள்! காடு போனால் தழைக்கும் விறகுக்கும் இன்னும் பல மைல் நடக்க வேண்டியவர்கள் அவர்கள்தானே? அவர்களை யாரும் கலந்து ஆலோசிக்கவில்லை. சொந்தப் புருஷன்மாரின் பேச்சையும் மீறிக்கொண்டு காட்டுக்குப் போய் நின்றார்கள். வெட்டு நின்றது. அதோடு, 'ஊர்ச் சபையில் எங்களுக்கும் இடம் வேண்டும்' என்ற குரலும் அங்கே எழுந்தது. காட்டைப் பற்றித் தீர்மானிக்கிற சபையில், காட்டுக்குத் தினம் போகிறவர்கள் இருக்க வேண்டுமென்பது நியாயந்தானே?

மணி கட்டிய கோல்

வெட்டாமல் தடுப்பது ஒரு பாதி. வளர்ப்பது மற்றொரு பாதி.

பௌரி கட்வால் மாவட்டத்தில் உஃப்ரைங்கால் என்ற ஊரில் சச்சிதானந்த பாரதி என்ற பள்ளி ஆசிரியர் 1980-களில் ஊர்ஜனங்களைச் சேர்த்துக்கொண்டு நாற்றங்கால் போட ஆரம்பித்தார். நட்ட கன்றுகளுக்கு ஈரம் நிற்பதற்காகச் சரிவுகளில் சிறு சிறு குழிகள் வெட்டினார்கள். வருஷங்கள் செல்லச் செல்ல அவை ஆயிரக்கணக்கில் பெருகின. காடு திரும்பியது, வறண்டு கிடந்த ஓர் ஓடையிலும் தண்ணீர் திரும்பியது.

அந்தக் காட்டைக் காவல் காத்தவர்கள் கிராமத்துப் பெண்கள். அதற்காக அவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு வெகு அழகானது. நுனியில் சலங்கை மணிகள் கட்டிய ஒரு கோல். இன்றைக்குக் காவல் முறை யாருடையதோ அவள் அந்தக் கோலோடு காட்டைச் சுற்றி வருவாள். மணியோசை கேட்டால் காட்டில் ஆள் இருப்பது எல்லோருக்கும் தெரியும். சாயங்காலம் வீடு திரும்பும்போது கோலை அடுத்த வீட்டு வாசலில் சாத்திவிட்டுப் போய்விடுவாள். காலையில் கதவைத் திறந்து கோலைப் பார்க்கிறவளுக்கு அன்றைய முறை. சம்பளம் கிடையாது, உத்தரவு போட அதிகாரியும் கிடையாது.

இந்தக் காவல் எவ்வளவு அவசரமானது என்பதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். இமயமலைப் பிரதேசத்தில் வற்றாத சுனைகளாக இருந்தவற்றில் ஏறக்குறையப் பாதி வற்றிப் போய்விட்டன, அல்லது சில மாதங்களில் மட்டும் ஓடுகின்றன என்று 2018-ல் வெளியான நிதி ஆயோக் அறிக்கை கூறுகிறது. இப்போது பல வீடுகளுக்குக் காஸ் அடுப்பு வந்துவிட்டதால் விறகுச் சுமை ஓரளவு குறைந்திருக்கிறது. தண்ணீரை எந்த சிலிண்டரில் அடைத்துக் கொடுப்பது?

பிறந்தகத்து மரம்

கடைசியாக ஒரு கல்யாண சமாசாரம். சமோலி மாவட்டத்து குவால்தம் என்ற ஊரில் கல்யாண் சிங் ராவத் என்ற ஆசிரியர் 1995-ல் ஒரு புது வழக்கத்தைத் தொடங்கி வைத்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் பெண் வீட்டில் ஒரு மரக்கன்று நட வேண்டும். பெண் புக்ககம் போன பிறகு, அவளுடைய தோழிகள் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் விட்டு வளர்ப்பார்கள். 'மைத்' என்றால் அந்த மலை மொழியில் பிறந்தகம். இந்த வழக்கத்துக்கு 'மைத்தி' என்றே பெயர். நடுகிற கன்று பாஞ்ஜாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எந்த மரமானாலும் சரி. கட்டளையாக இல்லாமல் கல்யாணச் சடங்காக வந்ததால் ஊர் ஊராகப் பரவியது. ராவத்துக்கு 2020-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

நம் கல்யாணங்களில் பாலிகை தெளிக்கிறோமே, அந்த ஞாபகம் உங்களுக்கு வரவில்லையா? ஐந்து சுமங்கலிகள் சேர்ந்து நவதானியம் தெளித்து, பாலும் நீரும் விட்டு முளைக்க வைப்பார்கள். பிறகு முளையை ஆற்றிலோ குளத்திலோ விட்டுவிடுவோம். விதை முளைத்தால் குடி தழைக்கும் என்ற நம்பிக்கை அந்த மலைப் பெண்களுக்கும் நமக்கும் பொதுவானதுதான்.

பாஞ்ஜ் நம் ஊர் வெயிலில் வளராது; ஆசைப்பட்டு யாரிடமும் கொட்டை கேட்டு அனுப்ப வேண்டாம். ஆனால் ஆனி, ஆடியில் நாவல் பழம் வரும். வேப்பம்பழம் வாசலெல்லாம் உதிரும். இரண்டுமே காயவிடாமல் உடனே விதைக்க வேண்டியவை. அடுத்த தெருவில் பள்ளிக்கூட மைதானமோ, கோயில் நந்தவனமோ இருந்தால் கேட்டுப் பாருங்கள். குழந்தைகளிடம் ஒரு வாளித் தண்ணீரைக் கொடுத்து, நாவல் கொட்டைகளை அலசிவிட்டு அன்றைக்கே புதைக்கச் சொல்லுங்கள். தளிர் வர நாளாகிறதே என்று மண்ணைக் கிளறிப் பார்க்காமல் தடுப்பதுதான் உங்கள் வேலை.

பிறகு காவல். அதற்கு அண்டை வீட்டு மாமியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊருக்குப் போகிற சமயத்தில் கோலைச் சாத்தி வைக்க ஒரு வாசல் வேண்டுமே!